சீர்த்தட்டில் வந்த சிம்பல்

எங்கள் வீட்டின் பின்பக்கம் வெந்நீர் போடும் அண்டாவுக்கு ஒரு மூடி உண்டு. வெண்கல மூடி. அண்டாவின் வாயைவிடக் கொஞ்சம் அகலம். நடுவில் கவிழ்த்து வைத்த கிண்ணம்போல ஒரு மேடு, அந்த மேட்டின் உச்சியில் ஓர் ஓட்டை. ஆவி போக வசதியாக இருக்கிறது என்று அம்மா அதைப் புகழ்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள், இப்படி ஒரு மூடி எங்கே கிடைத்தது என்று கேட்டால், தன் தம்பி சென்னையில் வாங்கியது என்று பெருமையாகச் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறும். அது மூடி இல்லை. சிம்பல். டிரம்ஸ் வாசிக்கிறவரின் பக்கத்தில் ஸ்டாண்டில் மாட்டியிருக்குமே, குச்சியால் தட்டினால் சத்தம் கிளம்பி, விரிந்து, மெல்ல அடங்குமே, அந்தத் தட்டு. எனக்காக வாங்கியது. நானே தேர்ந்தெடுத்தது. எங்கள் வீட்டில் ஒரு நாள்கூட நான் அதை வாசித்ததில்லை.

டிரம்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்ததே மாமாவால்தான். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கீழ்பென்னாத்தூரில் இருக்கிறார். சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி வைத்திருக்கிறார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சீசனில் மூட்டை ஏற்றுவார், மற்ற நாட்களில் வீடு காலி செய்கிறவர்களின் கட்டில் பீரோ ஏற்றுவார். ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, டிரம்ஸை நீயே வைத்துக்கொள் என்று மாமாவிடம் விட்டுவிட்டுப் போனார். மாமா வீட்டில் அதை வைக்க இடமில்லை. நேராக வேங்கிக்காலுக்கு ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் மொட்டை மாடி அறையில் இறக்கினார். சோற்றுத் தட்டு, மேசை, கட்டில் சட்டம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் நான் தட்டிக்கொண்டே இருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று அப்பா முனகினார். அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை. முனகுவதோடு நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம். விளக்கு வைக்கும் நேரத்துக்குமேல் வாசிக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் விட்டுப் போனார், பெரிய சிம்பலைத் தவிர. அதை மட்டும் ஸ்டாண்டிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, மாமாவின் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு போனாராம். டிரம்ஸ்காரர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. மேளத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள், சிம்பலை விட மாட்டார்கள். எனக்குக் கிடைத்தது வெறும் ஸ்டாண்டும், காலால் மிதித்து மூடித் திறக்கும் சின்னத் தட்டு ஜோடி ஒன்றும்தான்.

அப்பாவின் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பெரிய சிம்பல் இல்லாமல் எந்தத் தாளமும் முடியாது. ஏறிக்கொண்டே போய், போய், முட்டுகிற இடத்தில் ஒன்றும் இருக்காது, மாடிப்படியில் கடைசிப் படி இல்லாத மாதிரி. பொறுக்க முடியாமல் ஒரு நாள் அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை எடுத்து, நடுவில் ஆணி வைத்து அடித்து ஓட்டை போட்டு, ஸ்டாண்டில் மாட்டினேன். தகர டப்பாவில் கல் விழுந்ததுபோல ஒரு சத்தம் வந்தது. அம்மாவும் வந்தாள். நல்ல தட்டை நாசமாக்கியதற்குக்கூட அவள் அவ்வளவு கத்தவில்லை. தட்டில் ஓட்டை போட்டுவிட்டேனே, ஓட்டைத் தட்டு வீட்டில் இருக்கலாமா, வாழ்கிற வீட்டில் செய்கிற காரியமா என்று அதற்குத்தான் கத்தினாள். அன்றே அதைத் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். அந்தக் கத்தலை நான் ஞாபகத்தில் வைத்திருந்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது நான் வயதுக்கு வந்தேன். இது என் உடம்பில், எனக்கு நடந்த விஷயம். ஆனால் நடந்த அன்று சாயங்காலத்துக்குள் என்னைத் தவிர எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். மாடி அறைக்குப் போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது. பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், ஹாலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, முகூர்த்த நாள் பார்த்துக் கல்யாண மண்டபத்தில் பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்றார். தம்பி குடும்பத்தில் முதல் விசேஷமாம். அப்பா முனகினார், நிறுத்திக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூட டூருக்குப் போகிறாயா என்று என்னைக் கேட்டவர்கள், இதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் மண்டபத்தில் உட்கார மாட்டேன் என்றேன். யாருக்கும் காதில் விழவில்லை. சாப்பிட மாட்டேன் என்றேன். அது விழுந்தது. அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், அழுதாள். கடைசியில் கீழ்பென்னாத்தூருக்குப் போன் போட்டாள்.

மாமா வந்து, அறைக்கு வெளியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் புத்தி சொல்லவில்லை. அவருக்குப் புத்தி சொல்ல வராது. ஒன்றுதான் கேட்டார்.

"தாய்மாமன் சீர் நான்தான பாப்பா எடுக்கணும். பட்டுப் பொடவ, தோடுன்னு உங்கம்மா சொல்லுது. உனுக்கு இன்னா வேணும்னு நீ சொல்லு."

"சிம்பல்" என்றேன்.

"அது இன்னாத்துல செய்றது?"

"வெண்கலம்."

மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. "வெண்கலம்தான? சீருல வெண்கலம் வெக்கறது வழக்கந்தான். போய் வாங்கியாந்துடலாம். நீ சாப்புடு."

நான் சாப்பிட்டேன். அதுதான் பேரம். ஊர் முன்னால் அலங்கரித்த பொம்மையாக உட்காருவதற்கு விலை ஒரு சிம்பல். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்தப் பேரம் நியாயமாகத்தான் படுகிறது. நான் என் பக்கத்தை நிறைவேற்றினேன்.

தீட்டுக் கழிந்ததும் நானும் மாமாவும் சென்னைக்கு பஸ் ஏறினோம். மாமாவின் வேட்டி மடிப்பில் சேலைக்கும் தோட்டுக்குமாக எடுத்து வைத்த பணம் இருந்தது. அதற்குமேல் ஒரு பைசா கிடையாது என்று செஞ்சி தாண்டும்போதே சொல்லிவிட்டார். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு வாத்தியக் கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. விற்பனையாள் என்னைத் தாண்டி மாமாவைப் பார்த்து, "பையன் வரலியா சார்?" என்றான். வாசிக்கிறது இதுதான் என்று மாமா என்னைக் காட்டினார். அவன் சிரித்தான். அதற்கப்புறமும் ஒரு முறைகூட என்னிடம் பேசவில்லை. எனக்குக் கேள்வி இருந்தால் மாமாவுக்குப் பதில் சொன்னான். அவன் முகம் இப்போதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முதலில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். பெட்டிக்குள் பளபளவென்று நாலு தட்டு. ஆரம்ப நிலைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்களாம். மாமா வாயைப் பிளந்துவிட்டார். அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. சீர் ஊர்வலமாகப் போகும்போது எத்தனை தட்டு என்றுதான் எண்ணுவார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். நாலு தட்டு, அதுவும் தங்கம்போல மின்னுகிற தட்டு, கையில் இருக்கிற பணத்துக்குள்.

நான் ஒன்றை எடுத்துத் தட்டினேன். ஓட்டை போட்ட எவர்சில்வர் தாம்பாளத்துக்கு உறவுக்காரிபோலக் கத்தியது. இது பித்தளை மாமா, வெண்கலம் இல்லை என்றேன். பித்தளைத் தட்டை வருடம் பூராவும் தட்டினாலும் பாத்திரக்கடைச் சத்தம்தான் வரும். நாலு மட்டமான தட்டு வாங்குவதைவிட, ஒரே ஒரு நல்ல தட்டு வாங்கலாம். ஓங்கி அடிக்கவும், மெல்லத் தட்டிக்கொண்டே போகவும், இரண்டுக்கும் ஆகிற ஒன்று. வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ஸ்டாண்டு வீட்டிலேயே இருக்கிறது, காலால் மிதிக்கிற ஜோடியும் இருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணா?" என்றார் மாமா. பாவமாக இருந்தது. ஆனாலும் நான் விடவில்லை.

தனித்தனி சிம்பல்கள் சுவரில் தொங்கின. மாமா ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தார், விரல் முட்டியால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்டார். எங்கள் பக்கத்தில் அண்டா குண்டான் வாங்குவது அப்படித்தான். அவருக்குப் பிடித்ததெல்லாம் கனமானது. கொடுக்கிற காசுக்குக் கனம் கம்மியாக இருந்தால் ஏமாந்துவிட்டோம் என்று அர்த்தம். நான் மெல்லியதாகக் கேட்டேன். கனமான தட்டு எடுத்த எடுப்பில் மண்டையில் அடிக்கிற மாதிரி கத்தும், மெல்லியது மூச்சு விடுகிற மாதிரி விரியும் என்று அவருக்கு விளக்கிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். நான் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் ஒவ்வொன்றாக ஸ்டாண்டில் மாட்டித் தட்டுவார். எது வேண்டும் என்று காதாலேயே நான் சொல்ல வேண்டும்.

விற்பனையாளுக்கு எரிச்சல். மாமா அவனைச் சட்டை செய்யவில்லை. முதல் சிம்பலை ஸ்டாண்டில் கோத்து, மேலே இரண்டு காது வைத்த விங் நட்டை இறுக்கித் திருகினார். அப்படி இறுக்கக் கூடாது சார், கொஞ்சம் லூசாக இருந்தால்தான் ஆடும், ஆடினால்தான் சத்தம் வரும், இறுக்கினால் விரிசல் விட்டுவிடும் என்று அவன் சொல்லிக் கொடுத்தான். மாமா அந்த நட்டைத் தளர்த்தித் தளர்த்தி, ஓட்டைக்குள் தட்டு எப்படி ஊசலாடுகிறது என்று குனிந்து பார்த்ததைக் கண்ணை மூடுவதற்கு முன் நான் பார்த்தேன்.

"இதுக்கு உயிரே இந்த ஓட்டைலதான் இருக்குது போல பாப்பா" என்றார்.

மாற்றி மாற்றித் தட்டினார். இரண்டை உடனே தள்ளினேன். ஒன்று மட்டும் தனியாகக் கேட்டது. தட்டிய இடத்திலிருந்து சத்தம் கிளம்பி, அறை முழுக்கப் பரவி, போக மனமில்லாமல் போயிற்று. இதுதான் என்றேன். என்னை ஏமாற்ற மாமா வரிசையைக் கலைத்துப் போட்டு மறுபடி தட்டினார். இதுதான் என்றேன். மறுபடி கலைத்தார். அதே சிம்பலைத்தான் நான் சொன்னேன். கண்ணைத் திறந்து பார்த்தால், சுவரிலேயே அழகில்லாதது அதுதான். மினுமினுப்பே கிடையாது, பழைய சட்டி அடிபோல நிறம், உடம்பெல்லாம் சுத்தியல் தடம். ஓரத்தில் ஒரு கீறல். மாதிரிக்கு மாட்டி வைத்திருந்ததாம், வருகிற போகிறவர்கள் எல்லாம் தட்டியதாம். அதனாலேயே விலையைக் குறைத்தான். குறைத்தும் பத்தவில்லை. மாமா அரை மணி நேரம் பேசினார். மாட்டுச் சந்தையில்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார். வெளியே வரும்போது பஸ்ஸுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. மதியச் சாப்பாடு ஆளுக்கொரு வாழைப்பழம்.

திரும்பும்போது அது என் மடியில் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் காகிதத்துக்குள் அது முணுமுணுத்தது. எனக்கு அந்த வெள்ளைக்காரரை ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

சீர் தாய்மாமன் வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பது முறை. அதனால் மாமா அதைக் கீழ்பென்னாத்தூருக்கு எடுத்துக்கொண்டு போனார். வேண்டா வெறுப்பாகக் கொடுத்தேன். விசேஷத்துக்கு முன்னால் அம்மாவும் சீர்த்தட்டு அடுக்க ஒத்தாசையாகப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அப்போது எனக்கு அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குள் பிளெக்ஸ் பேனர் வந்துவிட்டது. பெரியப்பாவின் உபயம். வேங்கிக்கால் ரோட்டில், எங்கள் பள்ளிக்கூட வேன் திரும்புகிற இடத்தில் பார்த்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் மயில், வரிசையாகப் பெரியப்பா வீட்டு ஆண்களின் முகங்கள், நடுவில் நான். என் முகத்தை யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். வேன் அதன் கீழே போகும்போது பையன்கள் கோரஸாக என் பெயரைச் சொல்லி, மஞ்சள் மஞ்சள் என்று கத்துவார்கள். காலையிலும் மாலையிலும். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான். எனக்கு நடந்ததை ஊர் முழுக்கக் காட்டுவதற்கு இவர்கள் யார்? இப்போது எனக்கு வயது ஏறிவிட்டது, சம்பாதிக்கிறேன். ஆனாலும் அந்தத் திருப்பத்தில் பஸ் போகும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு சிம்பலை நினைத்துக்கொள்வேன்.

விசேஷத்தன்று மண்டபத்தில் ராணி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தலையில் ஒரு பாரம், கழுத்தில் ஒரு பாரம். செண்டை மேளத்தோடு சீர் ஊர்வலம் வந்தது. பழத்தட்டு, பூத்தட்டு, வளையல் தட்டு என்று மாமா பக்கத்துப் பெண்கள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்கள். பெரியப்பா மைக்செட்காரனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியாக மாமா வந்தார், புது வேட்டி, தோளில் துண்டு. அவர் இரண்டு கையாலும் ஏந்தி வந்தது என் சிம்பல்.

எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தகதகவென்று மின்னியது. புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். குழிப்பக்கத்தை மேலாக்கி, அதில் தேங்காய், வெற்றிலை, மஞ்சள், குங்குமச் சிமிழ் எல்லாம் வைத்துத் தாம்பாளமாக ஆக்கியிருந்தார்கள். போகட்டும், அழுக்கும் நிறமும் போனால் போகட்டும் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னான். சிரித்துக்கொண்டே குனிந்து, வெற்றிலையை விலக்கி, ஓட்டையைத் தேடினேன்.

ஓட்டை இல்லை.

அந்த இடத்தில் ஒரு பித்தளை வில்லை. அதை வைத்துப் பற்றவைத்து, அரத்தால் ராவி, மேலே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். நெருப்புப் பட்ட இடம் சுற்றிலும் கறுத்திருந்தது. எவ்வளவு தேய்த்தும் அந்தக் கறுப்பு மட்டும் போகவில்லை. நான் மோதிரக் கையால் ஓரத்தில் தட்டினேன். டொக்கென்றது. மரப் பலகைகூட அதைவிட நன்றாகப் பேசும்.

எழுந்து நின்றேன். தேங்காய் உருண்டு போயிற்று. செண்டை மேளம் நின்ற நேரம் அது, நான் கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"யாரு மாமா இத அடைச்சது?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் அம்மா நின்றிருந்தாள், அப்பா நின்றிருந்தார், அப்பா பக்கத்துச் சனம் முழுக்க நின்றிருந்தது. பிறகு குனிந்து, தேங்காயை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"நான்தான் பாப்பா" என்றார்.

அப்புறம் நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்குக் கோர்வையாக ஞாபகம் இல்லை. மாலையைக் கழற்றி எறிந்தது ஞாபகம் இருக்கிறது. நீ என் மாமாவே இல்லை, இனிமேல் எங்கள் வீட்டுக்கு வராதே என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா மைக்கில் கேட்கிற மாதிரி சிரித்து, "பொண்ணுக்குத் தோடு வேணுமாம் மச்சான், தட்டு பத்தலியாம்" என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. சபை சிரித்தது. மாமாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. அதை இன்னும் யாராவது வந்தால் எடுத்துக் காட்டுகிறார்கள்.

அப்பா மட்டும், யாரிடமும் சொல்லாமல், அந்த வாரமே சிம்பலைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனார். வில்லையைத் துளைத்து எடுத்தார்கள். ஓட்டை திரும்பி வந்தது. மாடியில் ஸ்டாண்டில் மாட்டினோம். அப்பா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் தட்டினேன். நெருப்பு வெண்கலத்தைக் கொன்றுவிட்டிருந்தது. அப்பா இன்னொரு முறை தட்டிப் பார் என்றார். தட்டினேன். அவர் முனகாமல் இறங்கிப் போனார். அம்மா அதைக் கீழே கொண்டுபோய் அண்டாவை மூடினாள், தட்டுக்குத்தான் ஓட்டை ஆகாதாம், மூடிக்கு இருக்கலாமாம்.

மாமா வரவில்லை. நான் வராதே என்று சொன்னேன், அவர் வரவில்லை, அவ்வளவுதான். சீசனில் பஸ் கண்டக்டரிடம் மல்லாட்டை மூட்டை கொடுத்தனுப்புவார். நான் அதில் ஒன்றைக்கூட உரிக்கவில்லை. பொங்கல், தீபம், எதற்கும் நாங்கள் போனால் உண்டு, அவர் வந்தது இல்லை. போனாலும் நான் திண்டிவனம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்பேன். பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரி முடிந்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளத்தில் எனக்கென்று ஒரு சிம்பல் வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் தேர்ந்தெடுத்தேன். தட்டிக் காட்டுவதற்கு ஒரு விற்பனையாள் இருந்தான். சனி ஞாயிறில் ஆபீஸ் நண்பர்களோடு வாசிக்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொழுதுபோக்கு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். போகியன்று அம்மா பின்பக்கம் உட்கார்ந்து பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்டா மூடியின் முறை வந்தது. வழக்கம்போல எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாமாவுக்கு அன்றைக்கு எப்படித்தான் மனசு வந்ததோ என்றேன், என்றைக்கும் சொல்வதுபோல.

அம்மா நிமிரக்கூட இல்லை. "அவன் எங்கடீ அடைச்சான்? நான்தான் பாத்திரக்கடைத் தெருவுல குடுத்து பத்த வச்சேன். அவன் வேணாங்கா வேணாங்கான்னுதான் சொல்லிக்கினு இருந்தான்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

நான் கத்தினேன். மண்டபத்தில் கத்தியதைவிடச் சத்தமாகக் கத்தினேன் என்று நினைக்கிறேன். ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்றாள். ஏன் அடைத்தாய் என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓட்டத் தட்டுல சீர் கொண்டாந்தான்னு உங்க பெரியப்பா சபையில ஒரு வார்த்த சொல்லியிருந்தா, என் தம்பி அப்பறம் இந்த ஊட்டு வாசப்படி மிதிச்சிருப்பானா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும்விட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. தம்பி வாசற்படி மிதிக்காமல் போய்விடுவானோ என்று பயந்துதான் இவள் ஓட்டையை அடைத்தாள். அடைத்ததால்தான் அவர் இத்தனை வருடம் வாசற்படி மிதிக்கவில்லை. இதை அவளிடம் சொன்னேன். அம்மா மூடியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் கண் சிவந்திருந்தது புகையால் என்று சொல்ல முடியாது, அடுப்பு இன்னும் மூட்டவில்லை.

மாடிக்குப் போய் மாமாவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருடத்தில் நானாகப் போட்ட முதல் போன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், ஓரம் கட்டினார். எடுத்த எடுப்பில் திட்டினேன். எதற்கு நான்தான் என்று சொன்னீர்கள், உங்களை யார் சொல்லச் சொன்னது என்று கேட்டேன். எதிர்முனையில் இன்ஜினை அணைத்தார். அப்புறம் சிரித்தார். மண்டபத்தில் சிரித்த அதே சிரிப்பு.

"அக்கா மேல கோவம்னா ஒரே ஊட்ல எப்பிடி பாப்பா இருப்ப? சின்னப் பொண்ணு, கோச்சிக்கினு எங்க போவ? என் மேலன்னா கீழ்பென்னாத்தூர் பக்கம் வராம இருந்தா முடிஞ்சிது."

கோபத்தை நான் வைத்த இடத்திலேயே இத்தனை நாள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது அதை அங்கிருந்து எடுத்தாயிற்று. எடுத்து அம்மாவிடம் வைக்கலாம், பெரியப்பாவிடம் வைக்கலாம், அந்த பேனரிடம் வைக்கலாம். எங்கே வைத்தாலும் அடங்கவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

கீழே அம்மா மூடியை அண்டாமேல் போடும் சத்தம் கேட்டது. டொக்கென்று. கடையில் அந்த நட்டைத் தளர்த்தித் தளர்த்திப் பார்த்தவர், உயிரே இதில்தான் இருக்கிறது என்று சொன்னவர், அந்த ஓட்டையை அடைப்பாரா என்று எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிம்பலுக்கும் இன்னொரு சிம்பலுக்கும் வித்தியாசம் சொன்ன காதில், 'நான்தான் பாப்பா' என்ற அந்த இரண்டு வார்த்தையில் இருந்த பொய் மட்டும் விழவில்லை.